சமையலறைச் சுவரை உடைத்து பிரேக்ஃபாஸ்ட் கவுண்டர் போடலாமா? (ஸ்டூல் ஏற்கெனவே வாங்கியாச்சு)

பீளமேடு மல்லி

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் 14 வருடப் பழைய அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடி. சமையலறை 8 அடிக்கு 10 அடி. அதற்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் 7 அடி நீளத்துக்கு ஒரு சுவர் நிற்கிறது. அதை இடுப்பளவுக்கு மேல் உடைத்துவிட்டு, மேலே கிரானைட் போட்டு, வெளிப்பக்கம் மூன்று உயர ஸ்டூல் வைத்தால் காலை நேரத்தைச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை. 7:20க்கு ஸ்கூல் பஸ். தோசைக் கல்லுக்கும் டைனிங் டேபிளுக்கும் நடந்தே எனக்குப் பாதி நேரம் போகிறது.

வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், மகளுக்கு 14, மகனுக்கு 9, அத்தைக்கு 71. தள்ளுபடி என்று பார்த்ததும் வீட்டுக்காரர் ஸ்டூல் இரண்டு ஆர்டர் போட்டு அதுவும் வந்துவிட்டது. தரையிலிருந்து உட்காரும் பலகை வரை 24 அங்குலம். மேஸ்திரி "ரெண்டு நாள் வேலைங்க" என்கிறார். அவர் சுத்தியலை எடுப்பதற்கு முன் நான் என்னென்ன கேட்க வேண்டும்?

செங்கல்சூளை

மேடம், மேஸ்திரியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அது என்ன சுவர் என்று முதலில் தெரிய வேண்டும்.

அடுக்குமாடி என்றால் பெரும்பாலும் தூணும் பீமும்தான் பாரம் தாங்கும். நடுவில் வரும் நாலரை அங்குலச் சுவர் வெறும் தடுப்பு. ஆனால் தடிமனை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. எந்தத் தூண், பீம் எங்கே என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் குடியிருப்போர் சங்கத்திடமோ கட்டிக் கொடுத்தவரிடமோ இருக்கும், கேட்டு வாங்குங்கள். சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பழைய தனி வீடு, ஒன்பது அங்குலச் சுவர், அதன் மேலேயே தளம் உட்கார்ந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லியிருந்தால், தொடாதீர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

ஒரு கேள்வி. அந்தச் சுவரில் லாஃப்ட் இருக்கிறதா?

பீளமேடு மல்லி

இருக்கிறது. சமையலறைப் பக்கம், 7 அடி உயரத்தில், இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டு சுவர் முழுக்க ஓடுகிறது. அத்தையோட பித்தளை அண்டா, உருளி, பழைய கல் உரல் எல்லாம் அதன் மேல்தான். ஏன் கேட்கிறீர்கள்?

செங்கல்சூளை

கேட்டது நல்லதாகப் போயிற்று. கல் உரலை இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

அந்த லாஃப்ட் தொங்குவது லிண்டலிலிருந்து, அதாவது சுவருக்குள் படுக்கையாக ஓடும் கான்கிரீட் பட்டையிலிருந்து. லிண்டலுக்கு மேலே இருக்கிற செங்கல் சுவரின் கனம்தான் அது கவிழாமல் அழுத்திப் பிடிக்கிறது, கீழே இருக்கிற சுவர் முழு நீளத்துக்கும் தாங்குகிறது. கீழ்ச்சுவரை எடுத்துவிட்டால் அதே லிண்டல் திடீரென்று ஐந்தாறு அடி அந்தரத்தில் நிற்க வேண்டும். வளைவது மட்டுமல்ல, லாஃப்டின் கனத்தால் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். லிண்டலுக்குள் அதற்கு வேண்டிய கம்பி போட்டிருக்க மாட்டார்கள், அன்று அப்படி ஒரு தேவையே இல்லை. ஆக, சுவர் தடுப்புச் சுவர்தான் என்றாலும் லாஃப்ட் இருக்கும் வரை அதை உடைக்கக் கூடாது. ஒரு பொறியாளரை நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள். இது இணையத்தில் கேட்டுச் செய்கிற காரியமில்லை.

அப்புறம், அந்தச் சுவருக்குள் ஒயர் போகிறதா, தண்ணீர்க் குழாய் போகிறதா என்று பாருங்கள். சுவிட்ச் போர்டு இருந்தாலே ஒயர் பைப் உள்ளே ஓடும்.

வத்தக்குழம்பு

பொறியாளர் கதையை அவர் சொல்லிவிட்டார். நான் பட்ட கதையைச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் வீடு கட்டும்போது இன்டீரியர் பையன் ஒருவன் படம் போட்டுக் காட்டினான். சமையல் மேடைக்குப் பின்னால் அரைச்சுவர், அதன் தலையில் 42 அங்குல உயரத்தில் ஓர் அடி அகலக் கல், நாலு ஸ்டூல். படத்தில் ஆரஞ்சு ஜூஸ் ஒரு கிளாஸ், பக்கத்தில் ரொட்டி இரண்டு துண்டு. நானும் மயங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு விளிம்போடு சேர்த்து 12 அங்குலம். கல்லும் 12 அங்குலம். தட்டை வைத்தால் சாம்பார்க் கிண்ணத்துக்கு இடமில்லை, டம்ளருக்கு இடமில்லை. இட்லியைப் பிட்டுத் தொட்டுக்கொள்ளக் கையை இறக்கினால் முழங்கை அந்தரத்தில் நிற்கும். இரண்டு மாதம். அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருப்பது கரண்ட் பில், வண்டிச் சாவி, மாத்திரை டப்பா. என் அக்கா ஒருமுறை அந்த ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, இறங்கத் தெரியாமல் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

71 வயது அத்தை எதில் உட்காருவார் என்று எழுதவில்லையே மல்லி?

ஸ்காபரோ தம்பி

வணக்கம். நான் டொரண்டோவில இருக்கிறன். இஞ்ச குசினி மேடை எல்லாம் 36 அங்குலம்தான். கபினெட் பெட்டி 34½, மேல் கல்லு 1½. அதுக்குத்தான் 24-லிருந்து 26 அங்குல ஸ்டூல் விக்கிறாங்கள். 42 அங்குல மேடைக்கு 28-லிருந்து 30. இரண்டும் வேற வேற சாமான், கடையில ஒண்டுபோலத்தான் தெரியும்.

பாக்க வேண்டிய கணக்கு ஒண்டுதான். ஸ்டூலில இருக்கிற பலகைக்கும் மேடையின்ர அடிப்பக்கத்துக்கும் நடுவில 10-லிருந்து 12 அங்குலம் வேணும். அங்க மேடை 32, 33 எண்டு எங்கட அம்மா சொல்லுவா. 24 அங்குல ஸ்டூல் அதுக்குச் சரிவராது, அக்கா. ஓடர் போட முந்தி ஒருக்கா மேடையை அளந்திருக்கலாம்.

ஆளுக்கு 24 அங்குல அகலம் விடுங்கோ. கதிரைக்குப் பின்னால ஆக்கள் நடந்து போகவேணுமெண்டால் மேடை விளிம்பிலிருந்து பின்சுவர் வரை 44 அங்குலமாவது இருக்கவேணும். 36 எண்டால் பக்கவாட்டில ஒதுங்கித்தான் போகலாம்.

பீளமேடு மல்லி

அளந்துவிட்டேன். எங்கள் மேடை 33. கல் முக்கால் அங்குலம், கீழே இரும்பு ஆங்கிள் ஒன்றரை. 33-ல் இரண்டேகால் போக 30¾. அதில் ஸ்டூல் 24 போனால் 6¾ அங்குலம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காலை வெட்டிக்கலாம்" என்கிறார். ஸ்டூலின் காலைத்தானாம்.

அத்தையிடம் கேட்டேன். "நீங்க உட்காருங்க, நான் எப்பவும் போல இருந்துக்கறேன்" என்றார். அந்த வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

உளியன்

நாகர்கோவிலில் 22 வருடமாக மரவேலை. எந்தக் கவுண்டருக்கும் நான் சொல்வது, கல் வெட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் பொய் மேடை போட்டுப் பாருங்கள். பழைய கதவுப் பலகை, பிளைவுட் துண்டு, எது கிடைத்தாலும் சரி. அட்டைப்பெட்டி அடுக்கி உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். அதில் சாப்பிடுங்கள். சும்மா உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, சாப்பிட்டால்தான் தெரியும்.

பீளமேடு மல்லி

உளியன் அண்ணா சொன்னபடி செய்தோம். பால்கனியில் கிடந்த பிளைவுட், கீழே புத்தகப் பெட்டிகள். ஒரு வாரக் கதை:

திங்கள், 33 அங்குல உயரம். மகன் ஸ்டூலில் ஏறினான், தொடை மாட்டிக்கொண்டது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து தின்றான். சட்னி சட்டையில்.

செவ்வாய், பெட்டி கூட்டி 36 ஆக்கினோம். பிள்ளைகளுக்குச் சரியாக இருந்தது. ஆனால் சமையலறைப் பக்கம் மேடை 33, இது 36. நடுவில் ஒரு படி. அத்தை எட்டியே பார்க்கவில்லை.

புதன், அதே 36. மகள் இரண்டு காலையும் தொங்கவிட்டு உட்கார்ந்து "மரத்துப் போச்சு" என்றாள். காலை ஊன்ற வளையம் இருக்கிறது, அது வீட்டுக்காரர் உயரத்துக்கு இருக்கிறது. அவர் மட்டும்தான் வசதியாக உட்கார்ந்தார். அதனால் "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்கிறார்.

வியாழன் ஒன்றுமில்லை, மாவு புளிக்கவில்லை, உப்புமா.

வெள்ளிக்கிழமை ஒரு விஷயம் கவனித்தேன். பெட்டியை எடுத்து வேறு வேலைக்கு வைத்திருந்ததால் பலகை 30 அங்குலத்துக்கு இறங்கியிருந்தது. அத்தை டைனிங் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை.

வத்தக்குழம்பு

பிறகென்ன, விடை கிடைத்துவிட்டதே! 30 அங்குலத்திலேயே போடுங்கள். சாதாரண நாற்காலி, சாதாரண உயரம். காலை ஊன்றி உட்கார்ந்து சாப்பிடலாம். "கவுண்டர்" என்று பேர் வைத்துவிட்டதாலேயே ஏணி ஏறிச் சாப்பிட வேண்டுமா?

ஸ்காபரோ தம்பி

அக்கா சொல்லுறது சரி. ஒரு விசயம், உயரம் குறையக் குறைய முழங்கால் முன்னுக்கு நீளும். 42 அங்குல மேடைக்கு உள்ளுக்க 12 அங்குல இடம் காணும், 36-க்கு 15, 30-க்கு 18 வேணும். அப்ப பலகை 18 அங்குலமாவது வெளிய வரவேணும். தட்டுப் பிரச்சினையும் அதோட தீர்ந்தது.

செங்கல்சூளை

18 அங்குலம் வெளியே வரும் என்றால் இரும்பு வேலை மாறும். கவனமாகப் படியுங்கள்.

நம்மூரில் வரும் கிரானைட் 18, 20 மில்லிமீட்டர்தான். அடியில் எதுவும் இல்லாமல் அரை அடிக்கு மேல் அதை நீட்ட நான் விடமாட்டேன். யாராவது ஒருநாள் கையூன்றி ஏறி பல்பு மாட்டுவார். சரி, சுவரில் எல் ஆங்கிள் பதித்து அதன் மேல் கல்லை வைக்கலாமே என்பீர்கள். முழுச்சுவர் என்றால் வைக்கலாம். உங்களுடையது மேலே வெட்டிவிட்ட நாலரை அங்குல அரைச்சுவர். அதன் தலையை இப்போது பிடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்றரை அடி கல்லை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு நுனியில் ஒருவர் சாய்ந்தால் சுவரே ஆடும். முதலில் பூச்சில் ஒரு மயிரிழை விரிசல் வரும், பிறகு அடி வரிசைச் செங்கல் விடும்.

தீர்வு எளிது. வெளி விளிம்பில் இரண்டு இரும்புக் கால், 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், தரைக்கு நேராக. மேலே அதே குழாயில் ஒரு சட்டம். சுவர்ப் பக்கம் ஓர் ஆங்கிள் சும்மா தாங்கினால் போதும். பாரம் தரைக்குப் போய்விடும். காலை ஓரத்தில் வையுங்கள், நாற்காலிக்கு நேரே வேண்டாம். வெல்டிங் முடிந்ததும் ரெட் ஆக்சைடு அடிக்காமல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். தரை துடைக்கிற ஈரத்தில் காலடிதான் முதலில் துருப்பிடிக்கும்.

புதுவீடு2

கல் எது நல்லது? வெள்ளை குவார்ட்ஸ் போடலாம் என்று இருக்கிறேன். படங்களில் அழகாக இருக்கிறது.

உளியன்

படத்தில் மஞ்சள் பொடி இருக்காது.

குவார்ட்ஸ் கல்தூளை ரெசினில் கலந்து அழுத்திச் செய்வது. சூடான வாணலியை நேரே வைத்தால் அந்த ரெசின் தாங்காது, தழும்பு விழும். சமையல் மேடைக்கு நான் போட மாட்டேன், சாப்பிடும் பலகைக்கு வேண்டுமானால் போடலாம், அடியில் பிரிமணை வைக்கிற பழக்கம் இருந்தால். மார்பிள் வேண்டவே வேண்டாம், எலுமிச்சை பட்ட இடம் மங்கிவிடும். கருப்பு கிரானைட்டில் என்ன கொட்டினாலும் தெரியாது. எறும்பு ஊர்ந்தாலும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மரப்பலகை ஆசை என்றால் தேக்கு. சிங்க்குக்குப் பக்கத்தில் வேண்டாம். அடியில் அலமாரி செய்தால் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற பிளைவுட்டைக் கேளுங்கள், கொதிநீர் தாங்குவது. முத்திரையைப் பலகையில் பாருங்கள், பில்லில் அல்ல.

பீளமேடு மல்லி

கடையில் துண்டுக்கல் கேட்டால் சும்மா கொடுக்கிறார்கள். நாலு துண்டு வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் மஞ்சள் குழைத்த எண்ணெய் ஒரு சொட்டு, எலுமிச்சை ஒரு சொட்டு, டிகாக்ஷன் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வைத்தேன். காலையில் வெள்ளை குவார்ட்ஸில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள். சோப்புக்குப் போகவில்லை. இரண்டு நாள் பால்கனி வெயிலில் வைத்தபின் வெளுத்தது, ஆனால் மேடையைத் தூக்கி வெயிலில் வைக்க முடியுமா? மார்பிள் துண்டில் எலுமிச்சை விழுந்த வட்டத்தில் மட்டும் பளபளப்பு இல்லை, தடவினால் விரலுக்குச் சொரசொரப்பு. பழுப்பு கிரானைட், கருப்பு கிரானைட் இரண்டும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தன.

பிளாக் கேலக்ஸி எடுக்கிறோம். ஆந்திராவில் சீமகுர்த்தியிலிருந்து வருவது என்றார் கடைக்காரர். கருப்பில் தங்கப்புள்ளி. தோசை மாவு சிந்தினால் நட்சத்திரத்தோடு நட்சத்திரம்.

கரண்ட்பெட்டி

யாரும் ஃபேனைப் பற்றிப் பேசவில்லை. சுவரை உடைத்த அன்றே சாப்பிடும் இடத்து சீலிங் ஃபேன் காற்று நேரே அடுப்புக்குப் போகும். சிம்மில் வைத்த பால் அடுப்பு அணையும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் வகை அடுப்பு இல்லாவிட்டால் இது விளையாட்டில்லை. அடுப்பு அந்தச் சுவர்ப் பக்கம் இருக்கிறதா, எதிர்ப்பக்கமா?

தொங்கும் விளக்கு போடுகிறவர்கள் பலகையிலிருந்து 28, 30 அங்குலம் மேலே அடிப்பகுதி வருகிற மாதிரி ஒயர் விடுங்கள். அதற்குக் கீழே வந்தால் முகத்தில் அடிக்கும். ஃபேன் பக்கத்தில் இருந்தால் அதுவும் ஊஞ்சலாடும். பிளக் பாயின்ட்டைப் பலகைக்கு அடியில் வைக்காதீர்கள், முழங்கால் இடிக்கும். பக்கச் சுவரில் ஒன்று 6 ஆம்பியர், ஒன்று 16. இன்டக்ஷன் அடுப்பை எப்படியும் ஒருநாள் அங்கே கொண்டு வந்து வைப்பீர்கள்.

பீளமேடு மல்லி

அடுப்பு எதிர்ப்பக்கம், கடவுள் புண்ணியம். உடைக்கிற பக்கம் இருப்பது சிங்க்கும் பாத்திரம் கவிழ்க்கிற இடமும்.

வத்தக்குழம்பு

சிங்க் என்றால் அரைச்சுவரை மேடைக்கு மேலே நாலு விரக்கடையாவது விடுங்கள். இல்லையென்றால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நேரே சாப்பிடுகிறவர் தட்டில் தெறிக்கும். சுவர் இருந்தால் தேய்க்காத பாத்திரக் குவியலும் வெளியே தெரியாது. விருந்தாளி வரும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள்.

பீளமேடு மல்லி (ஏழு வாரம் கழித்து)

முடிந்தது. இரண்டு நாள் வேலை பதினெட்டு நாள் ஆனது.

பொறியாளர் வந்து டிராயிங் பார்த்தார். தடுப்புச் சுவர்தான். ஆனால் செங்கல்சூளை சார் சொன்ன அதே லாஃப்ட் கதையை அவரும் சொன்னார். முட்டுக் கொடுத்து, லாஃப்டை மெஷினால் துண்டு துண்டாக அறுத்து இறக்கி, திறப்புக்கு மேலே இரும்பு சேனல் வைத்து இரண்டு பக்கமும் சுவருக்குள் எட்டு அங்குலம் உட்கார வைத்தார்கள். திறப்பு ஆறடி கேட்டேன், ஐந்தடிதான் என்று சொல்லிவிட்டார்.

இப்போது சமையலறைப் பக்கம் மேடை 33, அரைச்சுவர் 37, அதன் தலையில் ஒரு பட்டைக் கல். அங்கிருந்து தோசையை அப்படியே தட்டில் இறக்கலாம். வெளிப்பக்கம் பலகை 30 அங்குல உயரம், 18 அங்குல அகலம், ஐந்தடி நீளம். நீளவாட்டில் இரண்டு பேர், முனையில் அத்தை. முனை அவராகவே எடுத்துக்கொண்டார், அங்கிருந்து டிவியும் தெரிகிறது. நாங்கள் இருவரும் எட்டு மணிக்கு மேல்.

சரியாக வராதது இரண்டு. கிரானைட் போட்டவர்களிடம் மூன்று பக்கமும் விளிம்பை அரைவட்டமாக உருட்டச் சொல்லியிருந்தேன். நீளப் பக்கத்தையும் ஒரு குறுக்குப் பக்கத்தையும் உருட்டி, அத்தை உட்காருகிற முனையை மட்டும் கத்தி மாதிரி விட்டுவிட்டார்கள். கல்லை ஒட்டிய பிறகுதான் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே வைத்துத் தேய்த்தார்கள். கருப்புச் சேறு சுவரெல்லாம், ஃபிரிட்ஜ் கதவெல்லாம். கல்லைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்னால் நாலு விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள், அளவு எழுதிய தாளை நம்பாதீர்கள்.

இரண்டாவது, தாளிப்பு. கடுகு, பெருங்காயம் எல்லாம் இப்போது சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் சிம்னிக்குச் சொல்லியிருக்கிறோம். வடிகட்டி உள்ளேயே விடும் வகை வேண்டாம் என்று தோன்றுகிறது.

செங்கல்சூளை

கல் உரல் எங்கே போனது?

பீளமேடு மல்லி

ஊருக்குப் போய்விட்டது, சார். அண்டாவும் உருளியும் கட்டிலுக்கு அடியில். அத்தை இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேசுவார்.

புதுவீடு2

பலகைக்கும் அரைச்சுவருக்கும் இடையில் இடுக்கு வருமே, அதை என்ன செய்தீர்கள்? சோறு போய் மாட்டாதா?

பீளமேடு மல்லி

முதலில் வெள்ளை சிமென்ட் வைத்தார்கள். பலகை இரும்புக் காலில், சுவர் தரையில். இரண்டும் தனித்தனியாக அசைவதால் ஒரு வாரத்தில் கோடு விட்டது. சுரண்டி எடுத்துவிட்டுக் கருப்பு சிலிக்கான் போட்டோம். இப்போது சரியாக இருக்கிறது. பூஞ்சை பிடிக்காத வகை என்று கேட்டு வாங்குங்கள்.

உளியன்

அந்த ஸ்டூல் இரண்டும் என்ன ஆயிற்று? எனக்குத் தெரிந்த ஒருவர் போத்தனூரில் 36 அங்குலத்துக்கு மேடை போட்டிருக்கிறார்.

பீளமேடு மல்லி

இருக்கிறது அண்ணா. ஒன்றின் மேல் கறிவேப்பிலைத் தொட்டி, இறக்கிவிடலாம். இன்னொன்றில் வீட்டுக்காரர் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், உங்கள் ஆளை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். அவர் மேடைக்கு அடியில் ஆங்கிள் போட்டிருக்கிறாரா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.